அண்டாவுக்குள் பாடிய கீர்த்தனை

எனக்குப் பாட வராது. அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் சபையின் பாடகர் குழுவில் நான் சேர்ந்த வாரமே, "நீங்க நாற்காலி அடுக்கறத பாத்துக்கோங்க, அது ரொம்ப முக்கியம்" என்று அன்போடு வெளியே அனுப்பினார்கள். அப்படிப்பட்ட என்னுடைய குரல் இன்று இரும்புலியூரிலிருந்து பெரும்பாக்கம் வரை எத்தனையோ பேருடைய போனில் இருக்கிறது. இந்தப் பக்கத்தின் ஆகச் சிறந்த பாடகியோடு, ஒரே கீர்த்தனையில், ஒரே பதிவில். அவர் பாடுகிறார், நடுவில் நான் வருகிறேன், மறுபடி அவர் பாடுகிறார். என்னை நாற்காலி அடுக்க அனுப்பியவரின் போனிலும் அது இருக்கிறது. விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்தப் பெருமைக்கு நான் வந்து சேர்ந்த வழி அவ்வளவு பெருமையானதல்ல. அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் என் மனைவி இந்தத் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்துவிடுவாள்.

அந்தப் பாடகியை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்தவக் கீர்த்தனைகளைக் கச்சேரியாகப் பாடுவார். பக்கத்தில் ஒரு வயலின், ஒரு மிருதங்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நாமெல்லாம் இழுத்து இழுத்துப் பாடி முடித்துவிட்டு மணி பார்க்கும் அதே பாட்டுத்தான். அவர் பாடும்போது, இதற்குள் இவ்வளவு இருந்ததா என்று பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பக்கத்தில் இருப்பவரும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் ஒரு பாட்டைக்கூடப் பதிவு செய்து வெளியிட்டதில்லை. கச்சேரி ஆரம்பிக்கும் முன் மைக்கை வாங்கி, "தயவுசெஞ்சு யாரும் ரெக்கார்ட் பண்ணாதீங்க" என்பார். அவ்வளவுதான், காரணம் சொல்ல மாட்டார். நாங்களும் தலையாட்டிவிட்டு, சட்டைப்பையில் போனைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொள்வோம்.

அப்படி எடுத்தவையெல்லாம் வந்து சேரும் இடம் மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடை. நான் கணக்கு வாத்தியார் என்பதால் அந்தக் கடைக்கு நான் போவதில் யாருக்கும் சந்தேகம் வராது. "பழைய கொஸ்டின் பேப்பர் வந்திருக்கா?" என்று கேட்பேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். கடையில் வேறு ஆள் இருந்தால், "நாளிக்கு வா சார்" என்பார். யாரும் இல்லையென்றால் கல்லாவுக்கு அடியிலிருந்து பென்டிரைவ் வெளியே வரும். இதில் நாங்கள் இருவரும் காட்டிய ஜாக்கிரதையைப் பார்த்தால் நாட்டின் பாதுகாப்பு ரகசியத்தைக் கைமாற்றுகிறோம் என்றுதான் நினைக்கத் தோன்றும். உள்ளே இருப்பது லெந்து என்னும் தவக்காலத்துக் கீர்த்தனை.

இது தப்பில்லை என்பதற்கு நான் ஒரு நிரூபணமே வைத்திருந்தேன். டீச்சர் பதிவு விற்பதில்லை. அவர் விற்காததை நான் வேறிடத்தில் வாங்கினால் அவருக்கு நஷ்டமில்லை. பூஜ்யத்திலிருந்து எதைக் கழிக்க முடியும்? என் மனைவியிடம் இதை வரி வரியாக விளக்கினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க முருங்கைக்காய் விக்கறதில்ல. அதுக்காக நீங்க போய் பறிச்சுக்குவீங்களா?"

"அது வேற."

"வேறதான். போன மாசம் பறிச்சீங்க."

அதோடு அந்த நிரூபணத்தை வீட்டுக்கு வெளியே மட்டும் பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன்.

என்னிடம் இருந்ததிலேயே பொக்கிஷம் என்று நான் நினைத்தது ஒரு பழைய பதிவு. மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனை. அதன் கடைசிச் சரணமான மூன்றாவதில் ஓர் இடம் வரும். டீச்சர் வார்த்தையை விட்டுவிடுவார். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று அந்த வரி முழுவதையும் முனகலாகவே கொண்டுபோய், அடுத்த வரியில்தான் வார்த்தைக்குத் திரும்புவார். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும். இதைப் பற்றி நான் பலருக்குப் பிரசங்கம் செய்திருக்கிறேன். "கடவுளுக்கு முன்னால மொழி தோத்துப் போற இடம் இது, கவனிச்சீங்களா?" என்று ஸ்டாஃப் ரூமில் ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் வரை நிறுத்த மாட்டேன். அந்த முனகலை மட்டும் வெட்டி எடுத்து என் போனுக்கு ரிங்டோனாக வைத்திருந்தேன். காய்கறி வாங்கி வரச் சொல்லி மனைவி கூப்பிட்டால்கூட எனக்கு ஒரு கணம் பரலோகம் திறந்து மூடும்.

போன வருடம் டீச்சர் எங்கள் சபை ஹாலில் பாடினார். அடுத்த வாரமே அது ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிட்டது. முதலில் வாங்கிய ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும், கடைக்காரர் அப்போதுதான் காப்பி பண்ணிக்கொண்டிருந்தார். விஷயம் டீச்சருக்கும் தெரிந்துவிட்டது. இந்த வருடம் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி வைக்கலாம் என்று ஆயரும் சபைச் செயலரும் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். டீச்சர் காபி கொடுத்து, நன்றாக உபசரித்து, இப்படிச் சொல்லி அனுப்பினார்:

"இந்த ஒரு தடவ வர்றேன். அந்த ஹாலுக்குள்ள யார் கையிலயும் போன் இருக்கக் கூடாது. இதுக்கு மேலயும் ஒரு வரி வெளிய போச்சுன்னா, தாம்பரத்துல நான் பாடறது அதோட சரி."

சபை ஹாலில் எல்லோரையும் வைத்துக் கமிட்டி கூடியது. வாசலில் நின்று எல்லோருடைய போனையும் வாங்கி வைக்க ஒரு ஆள் வேண்டும். கண்டிப்பானவர், நாணயமானவர், எண்ணத் தெரிந்தவர். செயலர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். என் மீது கண் நின்றது.

"நம்ம கணக்கு சாரே இருக்காரே. அவர விட நாணயமான மனுஷர் யாரு?"

எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள்.

அன்றிலிருந்து எனக்குப் பாடம் நடத்த ஓடவில்லை. பத்தாம் வகுப்பில் x-இன் மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தால், கேள்வியில் நான் x-ஐ எழுதவே இல்லை. டீச்சரை நேருக்கு நேர் பார்த்தால் அவர் என் நெற்றியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அவர் உண்மையிலேயே பாடுவதை நிறுத்திவிட்டால்? பென்டிரைவில் என்ன இருந்தாலும், அந்த ஹாலில் உட்கார்ந்து பக்கத்திலிருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் அந்தச் சமாச்சாரம் அதில் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போதாததற்கு, கச்சேரிக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடைக்காரர் பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், உன்னியதான் கேட்டாண்ட நிக்க வெச்சிக்கிறாங்களாமே."

"ஆமா."

"அப்ப வேல சுளுவு. நம்ம ஆளு ஒருத்தன் வருவான். சட்ட பாக்கெட்ட நீ கண்டுக்காத. அவ்ளோதான்."

"முடியாதுப்பா. இந்தத் தடவ வெளிய வந்தா அவங்க பாடவே மாட்டாங்க."

"அதெல்லாம் சும்மா சொல்றது சார். பாடாம எங்க பூடுவாங்க."

"முடியாதுன்னா முடியாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் நீ. வாங்கறப்ப இனிச்சுது, இப்ப கசக்குதா? யோசிச்சு வெய். நாளிக்கு போன் பண்றேன்."

அவர் சொன்னதில் கணக்குப்படி எந்தப் பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது.

கச்சேரி நாள். போன்களைப் போட்டு வைக்க மூடியுள்ள பெரிய பாத்திரம் ஒன்று தேவைப்பட்டது. சபைச் சமையலறையில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான், பிரியாணி அண்டா. பண்டிகை விருந்துக்குப் பிறகு எத்தனை தேய்த்தும் அதிலிருந்து பட்டை கிராம்பு வாசனை போகவில்லை. அடியில் துண்டை விரித்து வாசலில் வைத்தோம். அடையாளத்துக்கு விருந்தில் மிச்சமான டோக்கன்களை எடுத்துக்கொண்டேன். இரண்டு ஓரத்திலும் ஒரே நம்பர் அடித்த டோக்கனை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைப் போனோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, மறு பாதியைச் சொந்தக்காரரிடம் கொடுப்பது. என் யோசனைதான். செயலர் புளகாங்கிதம் அடைந்தார்.

முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று, எல்லோரும் பார்க்க என் போனை முதலில் அண்டாவுக்குள் வைத்தேன். பிறகு வந்தவர்களையெல்லாம் மிரட்டினேன். "சைலன்ட்ல போட்டா பத்தாது, ஆஃப் பண்ணணும். எங்க காட்டுங்க. ம், போங்க." ஆயரையே நிறுத்திக் காட்டச் சொன்னேன். ஜெராக்ஸ் கடையின் ஆளென்று எனக்குப் பட்ட ஒருவன் வந்தான். சட்டைப்பையைத் தட்டிக் காட்டச் சொன்னேன். இரண்டு போன் வந்தது. இரண்டையும் அண்டாவில் போட்டேன். அப்படியொரு மரியாதை எனக்கே என் மீது வந்ததில்லை.

டீச்சரும் வாத்தியக்காரர்களும் வந்தபோது மட்டும் குனிந்துகொண்டு அண்டாவுக்குள் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன். வயலின்காரரின் கை இரண்டு போன்களை நீட்டியது. நிமிராமலே வாங்கிக்கொண்டு இரண்டு டோக்கன் கொடுத்தேன். அண்டா வாய் வரை நிறைந்துவிட்டது. மூடியைப் போட்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

டீச்சர் பாடினார். நான்கைந்து கீர்த்தனைகள் ஆகியிருக்கும். வெளியே ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் போகும் லாரிகள்கூட அன்றைக்கு ஹாரனை அளவாக அடித்ததாக எனக்கு ஞாபகம். ஒரு பாட்டு முடிந்து, கை தட்டலும் ஓய்ந்து, அடுத்த பாட்டுக்கு வயலின்காரர் சுருதி பார்க்கப் போகிற அந்த அமைதியில், அண்டா பாடியது.

'ம்ம்ம்…'

அலுமினிய அண்டா எவ்வளவு நல்ல ஒலிபெருக்கி என்பதை எங்கள் இயற்பியல் வாத்தியார் எனக்குச் சொல்லி வைத்திருக்கலாம். மூடி அதிர அதிர, உள்ளேயிருந்து டீச்சரின் குரல், மோகனத்தில், வார்த்தையில்லாமல் எழும்பி வந்தது. முன் வரிசையிலிருந்த வயதானவர் ஒருவர் மேலே கூரையைப் பார்த்தார்.

எல்லோருடைய போனையும் அணைக்கச் சொன்ன நான் என்னுடையதை அணைக்கவில்லை. அது எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தது, ஆகவே எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. மூடியைத் திறந்தேன். குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. சட்டென்று மூடினேன். மறுபடி திறந்து முழங்கை வரை உள்ளே விட்டேன். கையில் வந்ததெல்லாம் மற்றவர்கள் போன். ஒருவழியாக மணி நின்றது. அப்பாடா என்று நிமிர்ந்தேன். மறுபடி ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் விடாமுயற்சியுள்ள மனிதர். கடைசியில் தோள் வரை இறங்கி, போனைப் பிடித்து இழுத்து வாயை அடைத்தபோது, என் கன்னத்தில் பிரியாணி வாசனை அடித்தது. ஹால் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டீச்சர் மைக்கில் கேட்டார், மெதுவாகத்தான். "அது யாருடைய போன்?"

யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம். அண்டாவுக்குள் போன பிறகு எல்லாம் ஒன்றுதான். 'விசாரிக்கிறேன் டீச்சர்' என்று சொன்னால் போதும், வாசலில் நிற்கும் நாணயமான மனிதரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சத்தியமாக அந்த வாக்கியம் என் நாக்கு வரை வந்தது.

பதில் வராததால் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். முன்னால் இருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினார். மிருதங்கக்காரர் தன் உறையைத் தேட ஆரம்பித்தார்.

அந்த உறையைப் பார்த்ததும் என் கால் தானாக எழுந்துவிட்டது.

"என்னுதுதான் டீச்சர்."

மூன்றாவது வரிசையில் என் மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்கதானே எல்லார் போனையும் வாங்கி வெச்சவரு?"

"ஆமா டீச்சர்."

"எல்லார் போனையும் வாங்கி வெச்சுட்டு, என் பாட்ட நீங்க வெச்சிருக்கீங்க."

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தார், கூட்டில் போடவில்லை.

"அவ்ளோ பெரிய பாட்டுல இந்த எடத்த மட்டும் எதுக்கு வெட்டி வெச்சிருக்கீங்க?"

எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. ஸ்டாஃப் ரூம் பிரசங்கம் அப்படியே வந்துவிட்டது. "அது வந்து டீச்சர், அந்த எடத்துல வார்த்தை போதாம, மொழியே தோத்துப் போய், வெறும் நாதமா நீங்க கடவுள் முன்னாடி…"

"எனக்கு வரி மறந்து போச்சுங்க."

முன் வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள்.

"அன்னிக்கு நல்ல ஜுரம். மூணாவது சரணத்துல வரியே வரல. நிறுத்தினா நல்லா இருக்காதேன்னு ம்ம்முன்னு ஒப்பேத்தினேன். அதுல கடவுள் எங்கருந்து வந்தாரு?"

இந்தத் தடவை சிரிப்பு ஹாலைத் தூக்கிவிட்டது. ஆயர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இத்தனை வருடம் நடத்திய பிரசங்கங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து கும்பிட்டுவிட்டுப் போயின.

டீச்சர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். "சிரிக்காதீங்க. அஸ்தினாபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்க கொயர் புள்ளைங்க இதே கீர்த்தனைய பாடினாங்க. மூணாவது சரணம் வந்ததும் எல்லாரும் சேர்ந்து ம்ம்முங்குதுங்க. என்னம்மா இதுன்னு கேட்டா, 'இதான் டீச்சர் ஒரிஜினல்'ங்குதுங்க. நல்ல வரிங்க அது. பாட்டுக்கே உயிர் அதுலதான் இருக்கு. இப்ப அந்த வரியே இந்தப் பக்கத்துல செத்துப்போச்சு. நான் மறந்தது என் வீட்டு விஷயம். அத எடுத்து வித்துட்டீங்க, வாங்கிட்டீங்க."

என் பூஜ்யத்தை நினைத்துக்கொண்டேன். கழிப்பதற்கு அதில் ஒரு வரி இருந்திருக்கிறது.

"சரியானது எங்ககிட்ட இல்லியே டீச்சர்" என்றேன். வாதம் செய்யவில்லை, கெஞ்சல்தான். "நீங்க குடுக்கலியே."

"கேட்டீங்களா?"

டீச்சர் ஹால் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இத்தன வருஷமா பாடறேன். ரெக்கார்ட் பண்ணாதீங்கன்னு சொன்னா தலைய ஆட்டறீங்க. அப்புறம் திருட்டுத்தனமா எடுக்கறீங்க. ஒருத்தராவது வந்து, டீச்சர், இந்தப் பாட்ட எங்களுக்குக் குடுங்கன்னு கேட்டதுண்டா?"

உண்மையிலேயே யாரும் கேட்டதில்லை. எங்கே தேடுவது, யாரிடம் வாங்குவது, எப்படி மறைப்பது என்று எவ்வளவு மூளை செலவழித்திருக்கிறோம். கிழக்குத் தாம்பரத்தில் அவர் வீட்டு மணியை அடிக்கலாம் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்போது மூன்றாவது வரிசையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது. என் மனைவி எழுந்து நின்றாள்.

"டீச்சர், இப்ப கேக்கறோம். அந்தப் பாட்ட எங்களுக்குக் குடுங்க."

அவளுக்குப் பின்னால் இன்னொருவர், "ஆமா டீச்சர்" என்றார். அப்புறம் மூலைக்கு மூலை. வயலின்காரரே திரும்பி, "குடுத்துடலாமே டீச்சர்" என்றார். டீச்சர் வெகு நேரம் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு போட்டுக்கொண்டார்.

"சரி. எல்லாரும் போன வாங்கிக்கோங்க. அந்த ஒரு பாட்ட பாடறேன், வரியோட. அத மட்டும் எடுத்துக்கோங்க. பழச அழிச்சிடணும். மத்த பாட்டுக்கெல்லாம் போன் திரும்ப அண்டாவுக்குள்ள."

ஹால் எழுந்து அண்டாவை நோக்கி வந்தது. ஆரம்பப் பள்ளி மணி அடித்தபோதுகூட அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. செயலர் ஒரு கார்ட்லெஸ் மைக்கை என் கையில் திணித்தார். "நம்பர் கூப்பிடுங்க சார், சீக்கிரம்."

"அஞ்சு" என்றேன். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரிடமும் அஞ்சு இருந்தது.

விருந்தில் சைவத்துக்கு ஒரு வரிசை, அசைவத்துக்கு ஒரு வரிசை என்று ஒன்றிலிருந்து ஆரம்பித்து இரண்டு தடவை டோக்கன் அடித்திருந்தார்கள். நான் நம்பரை மட்டும் பார்த்தேன், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கணக்கு வாத்தியார். அதற்குப் பிறகு, "வெஜ் அஞ்சு. மட்டன் அஞ்சு. வெஜ் பன்னெண்டு, இங்க வாங்க. மட்டன் எட்டு, அம்மா உங்களுதா?" என்று ஏலம் போடுபவன்போல் கத்தினேன். பக்தியோடு வந்திருந்த ஒரு சபையை இவ்வளவு வேகமாகப் பந்தியாக மாற்றிய பெருமை என்னையே சேரும்.

டீச்சர் காத்திருந்து பார்த்துவிட்டு ஆரம்பித்துவிட்டார். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. ஒளிக்காமல், தலைக்கு மேலே. அவரும் அந்தப் போன்களைப் பார்த்துத்தான் பாடினார், புகைப்படத்துக்கு நிற்பவர்போல் முதலில் கொஞ்சம் கூச்சமாக, பிறகு அது மறந்து. மூன்றாவது சரணம் வந்தது. அந்த வரி வந்தது, முழுதாக, ஒவ்வொரு வார்த்தையும் விரலால் தொட்டு வைத்ததுபோல். இத்தனை வருடம் அந்த இடத்தில் இப்படி ஒரு வரி இருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

அந்த வரியின் முடிவில் டீச்சர் ஒரு சின்ன இடைவெளி விட்டார். மூச்சுக்குத்தான்.

என் கையில் ஒரே ஒரு போன் மிச்சம் இருந்தது. யாரும் வந்து வாங்கவில்லை. பாவம், யாரோ ஒருத்தர் இந்தப் பாட்டைப் பதிவு செய்ய முடியாமல் தவிக்கிறார் என்று நினைத்து, யாருக்கும் தொந்தரவில்லாமல், என்னால் முடிந்த அளவு மெல்லிய குரலில் கேட்டேன்.

"மட்டன் பதினேழு யாருது?"

மைக்கை நான் அணைக்கவில்லை.

ஹாலின் இரண்டு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும் என் ரகசியக் குரல் கனிவாக இறங்கி வந்தது. உயர்ந்திருந்த ஒவ்வொரு போனும் அதை வாங்கிக்கொண்டது. அந்த நிமிடம் பூமி வாய் திறந்தால் டோக்கன் இல்லாமலே உள்ளே போயிருப்பேன். டீச்சரின் உதடு ஒரு தடவை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். அந்தச் சிரிப்பு அடுத்த வரி முழுவதும் குரலில் இருக்கிறது. நன்றாகக் கேட்டால் தெரியும்.

பாட்டு முடிந்தது. கை தட்டல் அடங்கவில்லை. டீச்சர் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். நான் அண்டாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் இடுப்புப் பையிலிருந்து ஒரு பாதிக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"பதினேழு. மட்டன். டாக்டர் எனக்குக் கறியே கூடாதுன்னுட்டாரு. இதையாவது குடுங்க."

வயலின்காரர் நீட்டிய இரண்டாவது போன் அவருடையது. சட்டம் தனக்கும்தான் என்று கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஆயர் ஓடி வந்தார். "டீச்சர், நடுவுல இவரு குரல் வந்துடுச்சு. இன்னொரு தடவ பாடிடலாமா?"

"வேணாம் ஐயா. பழசுல நான் மறந்தது இருந்துச்சு. இதுல இவரு மறந்தது இருக்கு. சரியாப் போச்சு."

பழைய பதிவை அவர் முன்னாலேயே அழித்தேன். கை கொஞ்சம் தயங்கியது, மறுக்கவில்லை. பிறகு எல்லோருடைய போனும், அவருடையது உட்பட, மறுபடி அண்டாவுக்குள் போயிற்று. கச்சேரி தொடர்ந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கேட்க வந்தவர்களிலேயே புதிய பதிவு கையில் இல்லாத ஒரே ஆள் நான்தான். மறுநாள் முழுக்க ஆளாளுக்கு அனுப்பினார்கள். முன் வரிசையிலிருந்து ஒன்று, மின்விசிறிக்கு அடியிலிருந்து ஒன்று, இருமலோடு ஒன்று. ஒவ்வொன்றிலும் டீச்சர் குரல் ஒவ்வொரு மாதிரியாக இருந்தது. என் குரல் மட்டும் எல்லாவற்றிலும் மிகத் தெளிவு.

ஜெராக்ஸ் கடைப் பக்கம் போனேன். கடைக்காரர் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன்.

"கேட்டேன் சார். நல்லா கீது."

"விக்கலியா?"

"அவங்களே குடுத்தத எப்டி சார் விக்கறது? ஒரு மாதிரி கீது. கேக்கறவனுக்கு சும்மாதான் ஏத்தி வுடறேன்." கொஞ்சம் யோசித்து, "நீ மட்டன் கேக்கற எடம் வந்தா கடையில எல்லாரும் சிரிக்கறாங்க சார்" என்றார். பழைய கொஸ்டின் பேப்பரைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

இப்போது டீச்சர் கச்சேரிக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. கடைசியில் அவரே ஒரு கீர்த்தனையைத் தேர்ந்தெடுத்து, "இது உங்களுக்கு" என்பார். போன்கள் வெளியே வரும். மற்றதெல்லாம் அந்த ஹாலோடு சரி. அண்டாவுக்கு நான்தான் நிரந்தரப் பொறுப்பு. இரண்டு வரிசை டோக்கன் வேண்டாம் என்று நான் சொன்னேன். டீச்சர்தான் அதுவே இருக்கட்டும் என்றுவிட்டார்.

போன மாதம் அஸ்தினாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு நானும் மனைவியும் போனோம். கொயர் அந்த மோகனத்தை எடுத்தது. மூன்றாவது சரணத்தில் என் மனைவி என் கையைக் கிள்ளினாள். வரி வந்தது, முழுதாக, முனகல் இல்லாமல். வரி முடிந்ததும் அந்த மூச்சு அளவு இடைவெளியை விட்டார்கள். கொயர் மொத்தமும் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது.

நான் எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, அவர்களுக்கு ஒரு வணக்கம் போட்டேன். அவர்கள் அடுத்த வரிக்குப் போனார்கள். அந்த வரி முழுவதும் குரலில் சிரிப்பு இருந்தது.